இடுப்பளவுக்குப் பச்சை

முப்பது நிமிடம் என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்து போனார். முப்பது நிமிடத்தில் என்ன செய்யலாம், சோறு போட்டு இறக்கலாம், தலை முழுகித் துவட்டலாம், பதினொரு வருட வேலையை ஒரு பையில் போட்டுக் கட்டலாம், இதில் எதைச் செய்யப் போகிறேன் என்று தெரியாமல் விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வாங்கில் ஜெயரூபன். இரண்டு பக்கமும் இரண்டு காவலாளிகள், ஒருவன் கைபேசியில் பந்து விளையாட்டுப் பார்க்கிறான், மற்றவன் கொட்டாவி விடுகிறான். தடுப்பு முகாமிலிருந்து விடிய ஐந்து மணிக்கே வானில் புறப்பட்டவர்களுக்குக் கொட்டாவி வராமல் என்ன வரும். ஜெயரூபனுக்கு மட்டும் வரவில்லை. ஏழு மாதமாக உள்ளே இருக்கிறார். இன்றைக்குத் திங்கள். நீதிபதி அவரை நம்பாவிட்டால் வியாழக்கிழமை கொழும்பு விமானம், இருக்கை எண்ணோடு கடிதம் வந்துவிட்டது, முப்பத்தெட்டு எஃப், யன்னல் கரையாகத்தான் இருக்கும், அந்த எண்ணை ஏன் நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் தரைக் கல்லைப் பார்க்கிறேன். சாட்சி சொல்லிக்கொண்டிருப்பவரோடு இடைவேளையில் யாரும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, அது விதி, லண்டனுக்கு வந்து நான் படித்த விதிகளில் இன்றுவரைக்கும் எனக்குப் பிடித்திருந்த விதி. சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். "அக்கா, சாப்பிட்டியளோ?" என்கிறார். "பசிக்கேல்லை தம்பி." "எனக்காகப் பட்டினி கிடக்காதேங்கோ. முகம் வாடிப் போச்சு." நாடு கடத்தப்படப் போகிறவன் எனக்குச் சாப்பாடு விசாரிக்கிறான். எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்திரண்டு.

சரியாக என்ன நடந்தது என்று ஒழுங்காக யோசி யசோதினி, வாக்குமூலம் எழுதுகிறவள்தானே நீ, முதலில் நடந்ததை முதலில் வை. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தான். சின்ன வயது, நல்ல மரியாதை, அப்படிப்பட்டவர்களைத்தான் எனக்குப் பயம். மூன்று வாக்குமூலங்களை எடுத்து வைத்தான். ஒன்று ஜெயரூபனுடையது, ஒன்று எட்டு வருடத்துக்கு முந்தி ஒரு மன்னார்க்காரருடையது, மற்றது ஐந்து வருடத்துக்கு முந்தி ஒரு வவுனியாக்காரருடையது. மூன்றும் எங்கள் வக்கீல் அலுவலகத்தில் அகதி வழக்குகளுக்கு எழுதினவை. மூன்று பேரையும் மூன்று வேறு இடங்களில், மூன்று வேறு வருடங்களில் அடைத்து வைத்திருந்திருக்கிறார்கள். ஆனால் மூன்று பேரும் ஒரே சுவரைப் பார்த்திருக்கிறார்கள். இடுப்பளவுக்குப் பச்சை, அதற்கு மேலே வெள்ளை, இரண்டும் சந்திக்கிற இடத்தில் நேராக இல்லாத கறுப்புக் கோடு, அந்தக் கோட்டில் ஓரிடத்தில் பூச்சோடு பூச்சாக ஒட்டிக் காய்ந்துபோன தூரிகை மயிர் ஒன்று. மயிர்கூட மூன்று பேருக்கும் ஒன்றுதானா என்று அவன் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜெயரூபனிடம், இந்தச் சுவரை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அன்ரன் அதைத் தமிழில் சொன்னார். ஜெயரூபன் நீதிபதியைப் பார்க்கவில்லை, அன்ரனைப் பார்க்கவில்லை, பின்வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒரு செக்கன்தான் இருக்கும், பிறகு "கண்டனான்" என்றார். அப்போதுதான் அந்த வக்கீல் பொடியன் எங்கள் தரப்பே கொடுத்திருந்த வைத்தியரின் அறிக்கையைத் தூக்கினான். ஜெயரூபனை அடைத்து வைத்திருந்த பதினான்கு நாளும் கண்கட்டு அவிழ்க்கப்படவில்லை, மூக்குத் தண்டில் தழும்பு இருக்கிறது, ஒன்பதாம் பக்கம். கண் கட்டியிருந்த ஆள் எப்படி ஐயா மயிரைப் பார்த்தார். நீதிபதி முப்பது நிமிடம் என்றார். கண்டனான் என்று என்னைப் பார்த்துச் சொன்னாரே, சத்தியம் பண்ணிச் சாட்சிக் கதிரையில் ஏறின மனிசன், ஏழு மாதமாக ஒரு பொய் சொல்லாத மனிசன், முதல் பொய்யை எனக்காகச் சொல்லிவிட்டு இங்கே வந்து முகம் வாடிப் போச்சு என்கிறார்.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. அவர் சொல்லவுமில்லை. நான்தான் போட்டேன். இதை மனதுக்குள் சொல்லிவிட்டு இருக்க முடியவில்லை, எழும்பிப் போய் மெஷினில் தண்ணீர் எடுக்கிறேன், கிளாஸ் நிரம்பி வழிந்து சப்பாத்தில் சிந்துகிறது. எங்கள் வேலை அப்படி. ஆள் தமிழில் சொல்லச் சொல்லக் கொப்பியில் குறிப்பேன். பிறகு அதை ஆங்கிலத்தில், நான் இன்ன இடத்தில் பிறந்தேன், நான் இன்ன தேதியில் பிடிபட்டேன் என்று ஒழுங்காக எழுத வேண்டும். பதினொரு வருடமாக நான் நான் என்று எழுதுகிறேன், எத்தனை ஆண்களாக இருந்திருக்கிறேன், மீனவனாக, தையல்காரனாக, இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக. நிராகரிக்கும் கடிதங்களை வாசித்து வாசித்து ஒன்றைப் படித்தேன். இவர் விபரமாகச் சொல்லவில்லை, அதனால் நடந்திருக்காது என்று எழுதுவார்கள். அடி வாங்கினவனுக்கு விபரம் எங்கே வரும். அந்த மன்னார்க்காரர் என் மேசைக்கு முன்னால் நாலு நாள் இருந்து அழுதார், அறை எப்படி என்று கேட்டால் அறைதான் தங்கச்சி என்றார். அறைதான் என்று எழுதினால் அவரை அனுப்பிவிடுவார்கள். ஐந்தாம் நாள் பின்னேரம் எல்லோரும் போன பிறகு அவருக்கு ஒரு சுவர் கொடுத்தேன். வெறும் சுவர். அவர் பட்ட அடி உண்மை, முதுகு உண்மை, கால் உண்மை. சுவர் மட்டும்தான் கடன். அவருடைய வழக்கில் நீதிபதி சுவரைப் பற்றின அந்தப் பந்தியை அப்படியே தீர்ப்பில் எடுத்துப் போட்டார், நேரில் கண்டவரால் மட்டுமே சொல்லக்கூடிய விபரம் என்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவள். அடுத்த தரம், வவுனியாக்காரருக்கு, கை தானாகப் போனது. இந்த முறை, ஜெயரூபனுக்கு, யோசிக்கவேயில்லை, பழைய கோப்பைத் திறந்து, பந்தியை வெட்டி ஒட்டி, இடத்தையும் வருடத்தையும் மாற்றினேன். வாசித்துக் காட்டும்போது ஜெயரூபன் ஒரு இடத்தில் கையைத் தூக்கினார். "அக்கா, எனக்குக் கண் கட்டியெல்லோ இருந்தது." நான் என்ன சொன்னேன். "அது இருக்கட்டும் தம்பி, கண் கட்டெண்டால் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிப்போடுவினம், இது உங்களுக்கு நல்லது." சரி அக்கா, உங்களுக்குத் தெரியாததே என்று கையெழுத்துப் போட்டார். வைத்தியருக்கு உண்மையைச் சொன்னார். வைத்தியரின் அறிக்கை வந்தபோது நான் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தேன்.

ஹெலன் வருகிறாள், கறுப்புக் கோட்டும் வேகமான நடையும். எங்கள் பாரிஸ்டர், கெட்டிக்காரி, வாய் நிறைய யோசனை. காவலாளிகளுக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போகிறாள். "அங்கே அரசாங்கக் கட்டிடங்கள் எல்லாமே அப்படித்தான் பூசியிருக்குமா?" என்று கேட்கிறாள். நான் ஓம் என்று தலையாட்டுகிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், நான் பார்த்த முக்கால்வாசிக்கு இடுப்பளவுக்கு ஒரு நிறம் இருக்கும், ஊத்தை தெரியாமலிருக்க. இது பொய்யில்லை. "நல்லது, நீ சாட்சி சொல்லத் தேவையில்லை, இதை எழுதி ஒரு கடிதம் தந்தால் போதும். கண்கட்டு இடைக்கிடை தளர்ந்திருக்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டால் தப்பலாம். அதை நான் இப்போது அவரிடம் கேட்க முடியாது, உள்ளே கேட்கிறேன்." அவர் ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்ப்பார், பிறகு ஓம் தளர்ந்ததுதான் என்பார். இரண்டாவது பொய். அந்தப் பொடியன் தூரிகை மயிரைத் தூக்கிப் பிடிப்பான். எல்லாக் கட்டிடத்திலும் ஒரே மயிரா. அதற்கு ஹெலனிடம் பதில் இருக்கிறதா என்று கேட்கிறேன். "அந்த மயிர் எங்கேயிருந்து வந்தது யசோ?" என்கிறாள். சும்மா கேட்கிறாளா, தெரிந்து கேட்கிறாளா. நான் கழிவறைக்குப் போக வேண்டும் என்கிறேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறேன். இங்கேயும் சுவர், வெள்ளை ஓடு, நல்ல காலம். எங்கேயிருந்து வந்தது. சம்மணம் போட்டு இருந்தால் அந்தக் கோடு என் தலைக்கு மேலே போய்விடும், முழங்காலில் நின்றால் கண்ணுக்கு நேரே வரும், முழங்காலில்தான் நிறுத்தி வைத்தார்கள். பத்தொன்பது நாள். இருபது வயது. நகத்தால் அந்த மயிரைக் கிளப்பிப் பார்த்தேன், வரவில்லை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன், அது வந்துவிட்டால் என்னை விடுவார்கள் என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன், அது வரவேயில்லை, ஆனால் விட்டார்கள். பெயின்ற் பூசினவன் அவசரக்காரனாக இருந்திருப்பான். அவன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது, மற்றவர்கள்மேல் கோபப்படப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று அம்மா கிணற்றடியில் என்னை முழுக வார்த்தா, ஒன்றும் கேட்கவில்லை, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான். "ஆரிட்டையும் வாய் திறக்காதை பிள்ளை. கலியாணம் சரிவராது." பெரியம்மா வீட்டில் நின்றவள் என்று ஊருக்குச் சொன்னார்கள். அடுத்த வருடம் லண்டன் மாப்பிள்ளை. இவர் நல்லவர், பருப்பும் சோறும் கிடைத்தால் போதும், இருபத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி இவர் கேட்டதில்லை, தெரிந்தால்தானே கேட்பார். எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நான்தான் நிறம் தெரிவு செய்தேன், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே நிறம், ஏன் இப்படி என்று மகள் கேட்டபோது வெளிச்சத்துக்கு என்றேன். அம்மா செத்து ஆறு வருடம். வாய் திறக்காதை என்று சொன்னவ போய்விட்டா, நானோ வாயை மூடிக்கொண்டு கையால் எழுதித் தள்ளியிருக்கிறேன். மூன்று ஆண்களின் பெயரில் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். அந்த அறையை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, இந்தப் பாவப்பட்ட மனிசர்களின் தலையில் வைத்திருக்கிறேன்.

பதினொன்று ஐம்பத்தாறு. தண்ணீரை முகத்தில் அடிக்கிறேன். கடிதம் கொடுத்தால் என்ன, எல்லாக் கட்டிடமும் அப்படித்தான் என்று ஒரு கடிதம், பொய்யில்லாத கடிதம். கொடுத்தால் வேலை தப்பும், வீடு தப்பும், மன்னார்க்காரர் தப்புவாரா. அவருக்கு இப்போது கடை இருக்கிறது, மகள் வைத்தியப் படிப்பு, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் கொண்டுவந்து தருவார். அந்தப் பொடியன் விடுவானா, இன்றைக்கு ஜெயரூபன், நாளைக்கு மற்ற இரண்டு பேரின் கோப்பையும் திறப்பான், மூன்று பேரும் கள்ளர் என்று எழுதி முடிப்பான். ஒருத்தரும் பார்க்காத சுவரை மூன்று பேர் சொல்லியிருந்தால் மூன்று பேரும் கள்ளர். ஒருத்தி பார்த்த சுவர் என்றால் கள்ளி நான் ஒருத்தி. அப்படித்தானே. அப்படித்தானா, சட்டம் அப்படி யோசிக்குமா, அல்லது எல்லோரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகுமா. தெரியவில்லை. பதினொரு வருடம் இந்தக் கட்டிடத்துக்குள் வந்து போகிறவளுக்குத் தெரியவில்லை. சும்மா நான் கற்பனை பண்ணி எழுதினேன் என்று சொல்லலாமே, அது இன்னும் லேசு, வீட்டில் இவருக்கும் தெரிய வராது. அப்படிச் சொன்னால் கொப்பியில் இருக்கிற மற்றதெல்லாம் யார் நம்புவார்கள், அவர் சொன்னதையும் நீதான் கற்பனை பண்ணினாய் என்பார்கள். கொப்பி. பையைத் தடவிப் பார்க்கிறேன், இருக்கிறது, சிவப்பு மட்டை, ஜெயரூபனின் முதல் நாள். அதில் அவர் சொன்னதெல்லாம் இருக்கிறது. எனக்கு அது பாடமில்லை. அவருடைய விமான இருக்கை எண் பாடம், அவர் சொன்னது பாடமில்லை, நல்ல பெண்மணி நான்.

விறாந்தைக்குத் திரும்பி வருகிறேன். துப்புரவு செய்கிற பெண் ஒருத்தி அந்தத் தொங்கல் முனையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறாள், யாரோ பிஸ்கட் தூளைக் கொட்டிவிட்டார்கள், விறைப்பான தும்புத்தடி, சரக் சரக் என்று ஒரே அளவாக இழுக்கிறாள். ஜெயரூபன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். முதலில் நித்திரை என்று நினைத்தேன். கை இரண்டும் தொடைக்குக் கீழே போய்விட்டது, பெருவிரல் உள்ளே மடிந்திருக்கிறது, அவள் ஒவ்வொரு இழுவை இழுக்கும்போதும் அவருடைய தோள் காது வரைக்கும் ஏறுகிறது, நெற்றியில் வேர்வை. காவலாளிக்குத் தெரியவில்லை, பந்து உள்ளே போய்விட்டது போலிருக்கிறது, சிரிக்கிறான். அவள் இவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வந்து, மன்னிக்கவும் என்று சொல்லிக் கூட்டிவிட்டுப் போகும்வரை இந்த மனிசன் மூச்சு விடவில்லை. நான் கொப்பியை எடுத்துப் பதினாறாம் பக்கத்தைத் திறக்கிறேன். என் கையெழுத்து. விடிய ஈர்க்குவிளக்குமாறு சத்தம். வெளியிலை முத்தம் கூட்டுற ஆள் இருமுவார். கூட்டி முடிய வாளி வைக்கிற சத்தம். அதுக்குப் பிறகுதான் என்னட்டை வருவினம். கூட்டுற சத்தம் கேட்டாலே மூத்திரம் போயிடும் அக்கா. இவ்வளவும் அவர் சொன்னது. நான் எழுதியிருக்கிறேன். கண் கட்டு என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டியிருக்கிறேன். ஓரத்தில், சரிவாக, அவசரமாக, இது காணாது, சுவரைப் போடு.

இது காணாது, போதாதாம். அவரிடம் அவருடைய இருட்டு இருந்தது, அதுக்குள்ளே சத்தம் முழுக்க இருந்தது, யாரும் யாருக்கும் கடன் கொடுக்க முடியாத சத்தம், அதை எடுத்து எறிந்துவிட்டு என்னுடைய சுவரை அவர் கண்ணுக்கு முன்னால் நட்டேன். எனக்கு அழுகை வருகிறது, இங்கே அழக் கூடாது, காவலாளி வழக்கைப் பற்றிப் பேசினதாக எழுதிவிடுவான். "அக்கா, என்ன செய்யுது?" என்கிறார் ஜெயரூபன். அவருக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. "ஒண்டுமில்லை." "நான் உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வர விடமாட்டன்." "தம்பி, இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது." "கதைக்கேல்லை. சும்மா சொல்லுறன்." அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். எனக்குக் கோபம் வருகிறது, இவர்மேல், இப்படி நன்றி வைத்திருக்கிற இந்தச் சனத்தின்மேல், ஒருத்தி கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்து குடிக்க ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் கண்ணைக்கூடக் கழற்றித் தந்துவிடுவார்கள். ஹெலனைத் தேடிப் போய்க் கொப்பியைக் கையில் வைக்கிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். பதினாறாம் பக்கத்தையும் அதன் ஓரத்தையும் ஆங்கிலத்தில் சொல்கிறேன். "ஓரத்தில் எழுதியிருப்பதை அன்ரனை வாசிக்கச் சொல்" என்கிறேன். "அதை வாசித்தால் நீ தொலைந்தாய், யசோ." "தெரியும்." "இந்த வேலை இனிக் கிடைக்காது." "தெரியும் ஹெலன். மயிர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாயே, அதையும் உள்ளே கேள்."

பன்னிரண்டு பன்னிரண்டு. எல்லோரும் எழுந்து நிற்க, நீதிபதி வந்து உட்கார்கிறார். ஹெலன் பேசுகிறாள், அரசுத் தரப்புப் பொடியன் எதிர்க்கிறான், நீதிபதி கையைக் காட்டி நிறுத்துகிறார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை, கால் மட்டும் நடந்து போய்ச் சாட்சிக் கதிரையில் இருக்கிறது. அந்தக் கதிரையை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன், பயப்படாதேங்கோ, மெல்லமாய்ச் சொல்லுங்கோ, தண்ணி குடியுங்கோ. இருந்து பார்த்தால் உயரம் காணாத கதிரை. சத்தியம் எந்த மொழியில் என்று எழுத்தர் கேட்கிறாள். ஆங்கிலம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இருபத்தைந்து வருட ஆங்கிலம், வீட்டுக் கடனும் பள்ளிக்கூடக் கூட்டமும் பேசின ஆங்கிலம். அந்த அறையில் நான் இருந்தபோது அது என்னோடு இருக்கவில்லை. "தமிழ்" என்கிறேன். அன்ரன் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுகிறார். எட்டு வருடமாகத் தெரிந்தவர், கோவில் திருவிழாவில் என் வீட்டுக்காரரோடு நின்று கதைப்பவர், நாளைக்கு என்ன கதைப்பாரோ. ஆனால் வேலையில் சுத்தமான ஆள். சொல்கிறவன் நான் என்றால் அவரும் நான் என்பார், அவன் சொல்கிறான் என்று ஒருநாளும் சொல்லமாட்டார், அது அவர்கள் தொழிலின் விதி. கொப்பி அவர் மடியில். பதினாறாம் பக்கத்தை அவர் வாசிக்க வாசிக்க நீதிபதி எழுதுகிறார், விளக்குமாறு, இருமல், வாளி. ஓரத்துக்கு வந்தபோது அன்ரனின் குரல் கொஞ்சம் இறங்குகிறது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் வாசிக்கிறார்.

"ஜெயரூபன் இந்தச் சுவரைப் பற்றி உங்களிடம் சொன்னாரா?" நீதிபதி என்னைத்தான் கேட்கிறார். "இல்லை. அவருக்குக் கண் கட்டியிருந்தது. அவர் அதைச் சொன்னவர், நான்தான் வெட்டினனான்." "மற்ற இருவர்?" "அவையும் சொல்லேல்லை. அவைக்கு இப்பவும் தெரியாது." பேனா ஓடி நிற்கிறது. ஜெயரூபன் எழும்பப் பார்க்கிறார், காவலாளி தோளில் கை வைத்து இருத்துகிறான், அவருடைய வாய் அக்கா வேண்டாம் என்று அசைகிறது. நான் அவரைப் பார்க்கவில்லை. இந்த முறை நான்தான் நீதிபதியைப் பார்க்க வேண்டும். "அப்படியென்றால் இந்தச் சுவர் எங்கேயிருந்து வந்தது?" என்று அவர் கேட்கிறார், கோபமாகவல்ல, ஒரு முகவரி கேட்பதுபோலக் கேட்கிறார். பின்னேரம் வீட்டுக்குப் போய் இவரிடம் இதைச் சொல்ல வேண்டும், சோறு போட்ட பிறகா முந்தியா. தண்ணி குடியுங்கோ என்று எனக்குச் சொல்ல ஆளில்லை, நானே எடுத்துக் குடிக்கிறேன். "அது நான் இருந்த அறை" என்கிறேன். "பத்தொன்பது நாள் இருந்தனான்." அன்ரன் கொப்பியை மூடுகிறார், என்னை ஒருமுறை பார்க்கிறார், பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், நான் என்று தொடங்குகிறார்.